எதிரே இருப்பவர் நம்ம ஆள்தான்: கரம் ஜோடி ஆட்டத்தில் நாம் விடும் பிழைகள்

மழைக்காலம் தொடங்கினால் தோட்டத்து மைதானம் சேறாகிவிடும். கிரிக்கெட்டும் வொலிபோலும் ஓய்ந்து, வாசிகசாலையில் கரம் போட்டைச் சுற்றித்தான் கூட்டம். தனியாக ஆடும்போது நம் இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். ஜோடி ஆட்டம் என்று வந்தால் அதே ஆட்கள் தடுமாறுகிறார்கள். போட்டி முடிந்து சண்டையோடு லயத்துக்குத் திரும்புகிறவர்களும் உண்டு.

சில காலத்துக்கு முன் நாம் நடத்திய ஒரு பொங்கல் சுற்றுப்போட்டியில் இரண்டு மச்சான்மார் ஜோடி சேர்ந்தார்கள். இரண்டு பேரும் சூரர்கள்தான். அவர்களுக்கு எதிராக அமர்ந்தவர்கள் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் ஒரு தங்கச்சியும், கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவும். காய் போடும் திறமையில் இவர்களுக்குப் பாதிகூட வராது. ஆனாலும் ஜெயித்தது அந்தப் பெண்கள்தான்.

என்ன நடந்தது? கடைசி ஆட்டத்தில் மச்சான்மாருக்கு இரண்டே காய் மிச்சம். ஒன்று மூத்தவரின் மடிப்பக்கம், அவருடைய கோட்டுக்குக் கீழே கிடந்தது. அந்தக் காயை அவரால் நேரே அடிக்க முடியாது. ஸ்ட்ரைக்கர் எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பி வர வேண்டும். ஆனால் எதிரே இருந்த இளைய மச்சானுக்கு அது கண்ணுக்கு நேரே, பொக்கட் பக்கத்திலேயே இருக்கிறது. மூத்தவர் பொறுக்கவில்லை. திருப்பி அடித்தார். காய் அசையவில்லை, ஸ்ட்ரைக்கர் பொக்கட்டுக்குள் போனது. தண்டமாகப் போட்ட காய் ஒன்று வெளியே வந்து நடுவட்டத்தில் உட்கார்ந்தது. இளையவர் போட்டைத் தட்டி, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று மாசம் ஒரே லயத்தில் இருந்துகொண்டு, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் பேசவில்லை. நடுவில் கஷ்டப்பட்டது அக்கா தங்கச்சிமார்.

ஜோடி ஆட்டத்தின் உயிரே அந்த ஒரு காயில் இருக்கிறது. நம் ஜோடி நமக்கு எதிரே உட்காருகிறார். நமக்குக் கஷ்டமான காய் அவருக்குச் சுலபம், அவருக்குக் கஷ்டமானது நமக்குச் சுலபம். ஆகவே நம் மடிப்பக்கத்துக் காயை அவருக்கு விட்டுவிட்டு, அவர் பக்கத்துக் காயை நாம் எடுக்க வேண்டும். நமக்குச் சுலபமான காய் ஒன்றுமே இல்லாவிட்டால், சிக்கிக் கிடக்கும் நம் காயை மெதுவாகத் தட்டி அவருக்கு வாய்ப்பான இடத்துக்கு அனுப்பலாம். ஒரு காயும் விழாத அப்படிப்பட்ட அடிக்குக் கூட்டத்தில் ஒருத்தரும் கை தட்டமாட்டார்கள். அந்தத் தங்கச்சி அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தார். முறை வலப்பக்கமாகச் சுற்றுவதால் நமக்குப் பிறகு ஒரு எதிராளி ஆடி, அதன் பிறகே நம் ஜோடி ஆடுவார் என்பதையும் மறக்கக் கூடாது. எதிராளிக்கு வழி திறந்துவிடும் அடி நம் ஜோடிக்கு உதவாது.

பொக்கட் வாயில் நிற்கும் சொந்தக் காயை அவசரப்பட்டுப் போடுவது இன்னொரு பிழை. அது எங்கேயும் ஓடிப்போகாது. அங்கே இருக்கும்வரை எதிராளியின் காய் அந்தப் பொக்கட்டுக்குள் போவதும் கஷ்டம். கஷ்டமானதை முதலில் பாருங்கள்.

சிவப்புக் காயான குயினில் வரும் ஆசை பெரிய ஆசை. நம் காய் ஒன்றாவது விழுந்த பிறகே அதை எடுக்கலாம். எடுத்தவரே அடுத்த அடியில் சொந்தக் காய் ஒன்றைப் போட்டுக் கவர் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் குயின் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். கவருக்கு நமக்குக் காய் இல்லை, ஜோடிக்குத்தான் இருக்கிறது என்றால் குயினை அவருக்கு விடுவதே புத்தி. குயின் போட்டில் இருக்கும்போது நம் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் அந்த ஆட்டமே போச்சு. குயினுக்கு 3 புள்ளிதான். ஜெயித்தவருக்கு எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. 25 புள்ளி எடுத்தவர், அல்லது 8 ஆட்டம் முடியும்போது முன்னால் நிற்பவர் வெற்றி. அதுவும் 22 புள்ளி வந்த பிறகு குயினுக்குப் புள்ளி சேராது. இது தெரியாமல் கடைசி நேரத்தில் அதைத் துரத்துகிறவர்கள் பலர்.

இந்தச் சட்டங்கள் 1988 இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் சட்டங்கள். லயத்துக்கு லயம் வேறு சட்டம் வைத்து ஆடுவதில் குற்றமில்லை. எதை வைத்து ஆடுகிறோம் என்று உட்காருமுன் பேசிக்கொண்டால் போதும்.

பேச்சு என்றதும் சொல்ல வேண்டும். ஆட்டம் நடக்கும்போது ஜோடிக்கு வாயாலோ கண்ணாலோ யோசனை சொல்லக் கூடாது என்பது சட்டம். "சே" என்று சத்தம் போடுவதும், தலையில் கை வைப்பதும் நம் கணக்கில் அதே குற்றம்தான். பிழை விட்டவருக்கு அது பிழை என்று தெரியும். நம் முகத்தைப் பார்த்தால் அடுத்த அடியும் நடுங்கும். சொல்ல வேண்டியதை ஆட்டம் முடிந்து காய் அடுக்கும்போது, தாழ்ந்த குரலில் சொல்லலாம்.

அன்றைய சண்டையில் எமது பிழையும் இருந்தது. "அதை அடி, இதை அடி" என்று சுற்றி நின்றவர்கள் கத்தியதை நாம் தடுக்கவில்லை. சேர்ந்து பழகாத இரண்டு பேரைத் திறமையை மட்டும் பார்த்து ஜோடி சேர்த்ததும் நாம்தான். இப்போது போட்டைச் சுற்றிக் கயிறு கட்டுகிறோம். பந்தயக் காசு வைப்பவர்களுக்கு இடமில்லை. (பவுடரில் பெரும்பாலும் போரிக் அமிலம் இருக்கிறது. ஆடிவிட்டுக் கை கழுவாமல் ரொட்டி சாப்பிடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் கையில் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.)

பழகுவதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்காருங்கள். ஒன்பது வெள்ளைக் காயைப் போட்டில் பரப்பி வைத்து, மாறி மாறி ஒவ்வொரு அடி அடியுங்கள். தன் பக்கத்துப் பாதியில் கிடக்கும் காயை யாரும் தொடக் கூடாது, பேசவும் கூடாது. ஒன்பதும் விழ எத்தனை அடி போனது என்று எண்ணுங்கள். பிறகு எந்தக் காயையும் யாரும் அடிக்கலாம் என்று வைத்து இன்னொரு தடவை எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் ஒரு கொப்பியில் எழுதி வாசிகசாலைக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த போட்டிக்கு ஜோடி பிரிக்கும்போது அதைப் பார்த்தே பிரிப்போம்.