கிளிக்கு எத்தனை வயது?

கிளி நூறு வருஷம் வாழும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கிளி என்று கேளுங்கள். காட்டில் பாம்பு, வல்லூறு, பட்டினி என எல்லாம் உண்டு. பொந்தை விட்டு வெளியே வரும் குஞ்சுகளில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. கூண்டில் இந்தப் பயம் இல்லை என்பதால் ஆயுள் கூடத்தான் வேண்டும். கூடுவதும் குறைவதும் வளர்க்கிறவர் கையில்.

செய்ய வேண்டியவை

• வாங்குமுன் வயதுக் கணக்குப் போடுங்கள். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி 5 முதல் 10 ஆண்டு இருக்கும். காக்கடீல் 15 முதல் 20. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 முதல் 60, பெரிய மக்காவும் 50-ஐத் தாண்டும். ஐம்பது வயதில் மக்கா வாங்குகிறவர், தனக்குப் பின் அதை யார் பார்ப்பது என்று பிள்ளைகளிடம் முதலில் பேசிவிட வேண்டும்.

• காய், கீரை, பழம் தினமும் கொடுங்கள். முருங்கைக்கீரை, கேரட், மிளகாய் எல்லாம் நல்லது. மிளகாயின் காரம் கிளிக்கு உறைக்காது. சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சிசாலையில் குக்கி என்ற காக்கட்டூ கிளி 83 வயது வரை வாழ்ந்து 2016-இல் இறந்தது. முதல் நாற்பது ஆண்டு அதற்கு வெறும் விதைதான் தீனி. கிளிக்கு என்ன போட வேண்டும் என்று அன்று யாருக்கும் தெரியாது. முதுமையில் அதன் எலும்புகள் தேய்ந்ததற்கு அதுவே காரணம் என்றார்கள். இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் பாதி வீடுகளில் சூரியகாந்தி விதைதான்!

• வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். கிளி நோயை மறைக்கும். சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். எடை குறைவது அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

• இரவில் 10 மணி நேரமாவது இருட்டும் அமைதியும் வேண்டும். கூண்டை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள்.

• மக்கா, சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களை அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• நம் பச்சைக்கிளியை வாங்கவே வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். பாட்டி வீட்டில் வளர்த்தார்கள், ஜோசியக்காரர் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் வனத்துறையிடம் செல்லாது.

• நான்ஸ்டிக் தவாவைக் காயவிடாதீர்கள். அளவு மீறிச் சூடானால் வரும் புகை நம் மூக்குக்கே தெரியாது; கிளியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் ஆகாது.

• அவகாடோ, சாக்லேட், காபி கூடவே கூடாது. மிக்சர், சிப்ஸும்தான்.

• துத்தநாகம் பூசிய மலிவான கம்பிக் கூண்டு வேண்டாம். கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் வயிற்றுக்குள் போய் விஷமாகும்.

• மின்விசிறி சுற்றும்போது கூண்டைத் திறக்காதீர்கள்.

• சலித்துப்போனது என்று வெளிநாட்டுக் கிளியை வெளியே பறக்க விடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது. பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மரத்தடியில் பச்சைக்கிளிக் குஞ்சு விழுந்து கிடந்தால் வீட்டுக்குத் தூக்கி வந்து வளர்க்கப் பார்க்காதீர்கள். பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.