ஒரே துளை, நான்கு தடங்கள்: டாக் வாங்குமுன் ஒரு கணக்கு

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்போது இரண்டே யுஎஸ்பி-சி துளைகள்தான் இருக்கின்றன. பெரிய திரை, விசைப்பலகை, சுட்டி, மின்னூட்டி எல்லாவற்றையும் எங்கே செருகுவது? அதற்காகவே டாக்கிங் ஸ்டேஷன் வந்தது. ஒரு கேபிளை மடிக்கணினியில் செருகினால் போதும். மற்றவை எல்லாம் டாக்கில் இணையும்.

ஆனால் வாங்கிய பிறகு, 4கே திரையில் சுட்டி விட்டுவிட்டு நகர்கிறது என்று சிலர் குறைப்படுவதுண்டு. டாக் பழுதாக இருக்க வேண்டியதில்லை. காரணத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

திரைக்கு எவ்வளவு தரவு?

4கே திரையில் 3840 × 2160 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்திற்கும் 24 பிட் தேவை. நொடிக்கு 60 முறை படம் மாறுகிறது.

3840 × 2160 × 24 × 60 = ஏறத்தாழ 1,194 கோடி பிட், அதாவது நொடிக்கு 12 ஜிகாபிட்.

யுஎஸ்பி-சி துளையை நான்கு தடங்கள் கொண்ட விரைவுச்சாலையாக எண்ணிக்கொள்ளுங்கள். டாக்குகள் பலவும் இரண்டு தடங்களைத் திரைக்கும் இரண்டை மற்றத் தரவுக்கும் ஒதுக்குகின்றன. டிஸ்பிளேபோர்ட் 1.2 முறையில் ஒரு தடம் நொடிக்கு ஏறத்தாழ 4.3 ஜிகாபிட் படத்தரவைக் கொண்டுசெல்லும். இரண்டு தடங்களுக்கு 8.6. இதில் 12 எப்படி அடங்கும்? ஆகவே திரை நொடிக்கு 30 முறை மட்டுமே மாறும். சுட்டி தடுமாறுவது அதனால்தான்.

டிஸ்பிளேபோர்ட் 1.4 முறையில் இரண்டு தடங்களே ஏறத்தாழ 13 ஜிகாபிட் தாங்கும். ஆனால் டாக், மடிக்கணினி இரண்டுமே அதை ஏற்க வேண்டும். தண்டர்போல்ட் 4 என்றால் மொத்தம் 40 ஜிகாபிட், விலையும் கூடும்.

மின்சாரத்திலும் கவனம்

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 100 வாட் வேண்டுமானால், உள்ளே சில்லு பொருத்திய 5 ஆம்பியர் கேபிள் தேவை. டாக்கிற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். எனவே பெட்டியில் உள்ள பெரிய எண்ணைவிட, மடிக்கணினிக்கு எத்தனை வாட் போய்ச் சேரும் என்பதையே பாருங்கள்.

வாங்குமுன் கேளுங்கள்

1. என் மடிக்கணினியின் துளை திரைக்குப் படம் அனுப்புமா? எல்லா யுஎஸ்பி-சி துளைகளும் அனுப்புவதில்லை.
2. எத்தனை வெளித்திரைகளை அது ஏற்கும்? எம்1 சில்லு கொண்ட மேக்புக் ஏர் ஒன்றைத்தான் ஏற்கும். சாதாரண டாக் அந்த வரம்பை மாற்றாது.
3. 4கே என்றால் 30 முறையா, 60 முறையா?
4. மடிக்கணினியின் மின்னூட்டி எத்தனை வாட்?

நீங்களே செய்து பாருங்கள்

1920 × 1080 திரைகள் இரண்டு, நொடிக்கு 60 முறை. 8.6 ஜிகாபிட்டில் அடங்குமா?

விடை: ஒன்றுக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட், இரண்டுக்கு 6. அடங்கும். ஆனாலும் இரண்டாம் கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கொடுத்துவிடாதீர்கள்!