ஓட்டை விழுந்த ரூபாய்

என் பாட்டியின் தகரப் பெட்டியில் இரண்டு பழைய நாணயங்கள் இருந்தன. ஒன்று, 1903ஆம் ஆண்டின் ஒரு வெள்ளி நாணயம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை ஒரே ஆட்சியின்கீழ் நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த காலத்தில் வெளிவந்தது. மற்றொன்று, 1912ஆம் ஆண்டின் இந்திய ரூபாய். அதில் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் தலைக்கு மேலே ஓர் ஓட்டை இருந்தது. வெள்ளிதான் உயர்ந்தது, ஓட்டை விழுந்த ரூபாய் வீண் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது பள்ளியில் ஒரு கண்காட்சி நடந்தது. பாட்டியிடம் கேட்டு இரண்டு நாணயங்களையும் வாங்கிக்கொண்டேன். வெள்ளி நாணயம் கறுத்துப் போயிருந்தது. பாட்டி குத்துவிளக்கைத் துலக்குவதைப் பார்த்துப் பழகியவன் நான். புளியும் சாம்பலும் சேர்த்து அதை அரை மணி நேரம் தேய்த்தேன். நாணயம் பளபளத்தது. பெருமையோடு அதை என் மாமாவிடம் காட்டினேன். அவர் பல ஆண்டுகளாக நாணயம் சேகரிப்பவர்.

மாமா அதை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “அழுக்கோடு வெள்ளியையும் சேர்த்துத் தேய்த்துவிட்டாயே!” என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அரசர் ஏழாம் எட்வர்டின் கன்னத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன.

நான் அழுக்கு என்று நினைத்தது உண்மையில் அழுக்கன்று. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிவதால் உண்டாகும் மெல்லிய படலம் அது. அது படர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதைத் தேய்த்து எடுக்கும்போது, அச்சின் அழுத்தத்தில் உருவான நுண்ணிய மேற்பரப்பும் போய்விடும். போனது திரும்பாது. சேகரிப்பாளர்கள் இத்தகைய நாணயத்தைத் ‘துலக்கப்பட்டது’ என்று தனியே ஒதுக்கி, குறைந்த விலைக்கே கேட்பார்கள்.

பிறகு மாமா ரூபாயைக் கையில் எடுத்தார். “விலையைக் கேட்டால் அந்த வெள்ளிக்குத்தான் இன்னும் அதிகம். ஆனால், நானாக இருந்தால் இந்த ரூபாயைத்தான் எடுத்துக்கொள்வேன். இந்த ஓட்டையை யாரோ ஒரு தேவைக்காகப் போட்டிருக்கிறார்கள். நீ போட்ட கீறல்களுக்கு என்ன தேவை இருந்தது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நாணயம் சேகரிக்க விரும்பும் மாணவர்கள் பலர் விலையைக் கண்டு பின்வாங்குகிறார்கள். குறையற்ற பழைய நாணயங்களின் விலை மாணவர்களின் கைக்கு எட்டாததுதான். அதே ஆண்டைச் சேர்ந்த, அதே அழகுடைய நாணயம் ஒரு குறையோடு இருந்தால் மிகவும் மலிவாகக் கிடைக்கும். ஆனால், எல்லாக் குறைகளும் ஒன்றல்ல. எந்தக் குறை எப்படி வந்தது என்று படிக்கத் தெரிந்தால்தான் இந்தச் சேகரிப்பில் சுவை உண்டு.

சில குறைகள் நாணயச்சாலையிலேயே பிறப்பவை. வெற்று உலோக வட்டத்தை இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையில் வைத்து அழுத்தும்போது நாணயம் உருவாகிறது. வட்டம் சற்று நகர்ந்திருந்தால் எழுத்துகள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அச்சில் விரிசல் இருந்தால் அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் புகுந்து, நாணயத்தில் மெல்லிய மேடான கோடாகத் தெரியும். ஆகவே, நாணயத்தில் ஒரு கோட்டைக் கண்டால், அது மேடா பள்ளமா என்று பாருங்கள். மேடாக இருந்தால் பெரும்பாலும் அச்சின் விரிசல். பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பின்னாளில் விழுந்த கீறல். நாணயச்சாலையின் பிழைகளை விரும்பித் தேடுவோர் உண்டு. சில பிழைகளுக்கு நல்ல நாணயத்தைவிடக் கூடுதல் விலையும் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தவை வேறு வகையானவை. அவை வணிகர்கள் முத்திரை குத்திய வெள்ளிகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் வணிகம் பெரும்பாலும் பெரிய வெள்ளி நாணயங்களால் நடந்தது. ஸ்பானிய வெள்ளியும் மெக்சிகோ வெள்ளியும் கடல் கடந்து வந்தன. டாலரை நாம் இன்றும் ‘வெள்ளி’ என்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கம் இந்த நாணயங்களை நினைவூட்டுகிறது. ‘ரிங்கிட்’ என்னும் மலாய்ச் சொல்லும் அவற்றின் பல் பல்லான விளிம்பைக் குறித்து வந்ததுதான். 1895 முதல் பிரிட்டனும் ஆசிய வணிகத்துக்கென்றே ஒரு வெள்ளியை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் திரிசூலம் ஏந்திய பிரிட்டானியா நிற்பாள். மறுபக்கத்தில் மதிப்பு சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் இருக்கும். பெரும்பாலானவை பம்பாயில் அச்சிடப்பட்டவை.

இத்தனை நாட்டு நாணயங்கள் புழங்கிய சந்தையில் போலிகளும் புழங்கின. எனவே, சீன வணிகர்களும் நாணயம் மாற்றுவோரும் ஒவ்வொரு வெள்ளியையும் சோதித்தார்கள். நல்லது என்று தெரிந்ததும் தங்கள் சிறிய எஃகு முத்திரையை அதில் குத்தினார்கள். உள்ளே மட்டமான உலோகம் இருந்தால் குத்திய இடத்தில் வெளிப்பட்டுவிடும். அந்த நாணயம் சுற்றிவந்து மீண்டும் அதே கடைக்கு வந்தால், வணிகர் தம் முத்திரையைக் கண்டு தயங்காமல் ஏற்பார். பத்துக் கைகள் மாறினால் பத்து முத்திரைகள் விழும். அப்படியே போய்ப்போய்ச் சில நாணயங்கள் கிண்ணம்போல் குழிந்துவிட்டன. சில உடைந்து, எடைக்கு மட்டும் ஏற்கப்பட்டன.

பல சேகரிப்பாளர்கள் இவற்றைச் சிதைந்தவை என்று ஒதுக்குவார்கள். இவற்றை மட்டுமே தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு முத்திரையைக் கண்ணாடிக்குள் பெரிதாகப் பார்க்கும்போது, பெயர் தெரியாத ஒரு கடைக்காரரின் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இப்போது செய்யப்படும் போலி நாணயங்களில் இந்த முத்திரைகளையும் சேர்த்தே குத்திவிடுகிறார்கள்! பிரிட்டிஷ் வணிக வெள்ளியின் எடை ஏறத்தாழ 26.95 கிராம். 1903ஆம் ஆண்டின் வெள்ளிக்கும் அதே எடைதான். தேய்மானத்தால் சிறிது குறையலாம். பல கிராம் குறைந்தால் ஐயப்பட வேண்டும். காந்தம் ஈர்த்தால் அது வெள்ளி இல்லை. ஈர்க்காததாலேயே வெள்ளி என்றும் முடிவுகட்ட முடியாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வெள்ளியின் விலை ஏறியதால் 1907இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி நாணயம் சிறிதாக்கப்பட்டது. அதன் எடை 20.2 கிராம்தான். அதைப் போலி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஓட்டை விழுந்த நாணயங்களுக்கு வருவோம். எல்லா ஓட்டையும் சேதம் இல்லை. 1943 முதல் 1947 வரை இந்தியாவில் வெளிவந்த காலணாவின் நடுவில் பெரிய ஓட்டை உண்டு. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நாணயச்சாலையே அப்படிச் செய்தது. மக்கள் அதை ‘ஓட்டைக் காலணா’ என்றார்கள். ஆனால், ரூபாயில் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் யாரோ அணிவதற்காகப் போட்டதே. நாணயத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்தார்கள்; குழந்தையின் அரைஞாணிலும் கட்டினார்கள். சிலர் ஓட்டை போடாமல் உச்சியில் வளையம் பற்றவைத்தார்கள். வளையத்தை அகற்றினாலும் அந்த இடத்தில் தழும்பு இருக்கும்.

விற்பவர்கள் சிலர் ஓட்டையை வெள்ளியால் அடைத்து, எழுத்துகளையும் புதிதாகச் செதுக்கி, முழு நாணயத்தின் விலைக்கு விற்பார்கள். அடைத்த இடத்தைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். ஓட்டை உள்ளதை ஓட்டை உள்ளது என்று சொல்லி விற்பவரிடமே வாங்குங்கள். தமிழில் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்றுதான் பெயர்.

முதன்முதலாகச் சேகரிப்பவர்களுக்கு மலாயாவின் சதுர ஒரு காசு நல்ல தொடக்கம். 1939 முதல் 1945 வரையிலான காசுகள் வெண்கலத்தால் ஆனவை. போரின் நடுவே, 1943இல், அளவும் எடையும் குறைக்கப்பட்டன. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும். மூலைகள் மழுங்கியவை பரவாயில்லை. பச்சையாகத் தூள் உதிரும் காசை மட்டும் மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். அந்த அரிப்பு வளர்ந்துகொண்டே போகும். நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள். மென்மையான பிவிசி உறைகளில் நீண்ட காலம் வைத்தால் பச்சைப் பிசுக்கு படியும். காகித உறையே மேல். புளி, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டா.

கண்காட்சி முடிந்த அன்று பாட்டியிடம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். ஓட்டையை யார் போட்டது என்று அப்போதுதான் கேட்டேன். பாட்டி கைக்குழந்தையாக நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்தபோது அவருடைய அம்மா போட்டதாம். “கைச்செலவுக்கு இருந்தது அந்த ஒரு ரூபாய்தான். முடிந்து வைத்தால் தொலைந்துவிடும் என்று என் இடுப்பில் கட்டிவிட்டார்களாம்” என்றார். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓட்டையின் மேல்விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கயிறு உராய்ந்த இடம் அது.

இப்போது இரண்டு நாணயங்களும் என்னிடம் இருக்கின்றன. வெள்ளி மீண்டும் மெல்ல மங்கத் தொடங்கியுள்ளது. விளிம்பில் மஞ்சளும் சாம்பல் நிறமும் படர்கின்றன. கண்ணாடி வைத்தால் மட்டும் அரசரின் கன்னத்தில் அந்தக் கீறல்கள் இன்னும் தெரிகின்றன. அதன் உறையில் ‘புளியால் துலக்கப்பட்டது’ என்று எழுதி, என் பெயரையும் போட்டிருக்கிறேன். ரூபாயின் உறையில் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருக்கிறது.