சீட்டில் ஐந்து ஒன்பது, கருவியில் எத்தனை?

திருத்தணியிலிருந்து எல்லை தாண்டினால் சித்தூர் மாவட்டத்தின் மாம்பழக்கூழ் ஆலைகள். கூழ் கப்பலேற வேண்டுமானால் பூச்சிமருந்து எச்சம் பார்க்க வேண்டும். அதற்கு ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) ஓட வேண்டும். அதன் சிக்னலின் பேஸ்லைன் ஏறினால் பலரும் முதலில் கேபிலரி குழாயைத்தான் கழற்றிப் போடுகிறார்கள். நானோ சிலிண்டருக்கும் கருவிக்கும் நடுவே உள்ள கேஸ் லைனைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கருவிக்குள் ஓடும் 99.999 சதவீத நைட்ரஜனில் மாசு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இராது, 99.9 என்றால் 1,000 பங்குவரை இருக்கலாம். ஆனால் சிலிண்டரோடு வரும் சான்றிதழ் பேசுவது சிலிண்டருக்குள் இருப்பதைப் பற்றி மட்டுமே. அதற்குப் பிறகு வருகிற ரெகுலேட்டர், டியூப், நட் எதற்கும் அது பொறுப்பல்ல.

“உள்ளே அழுத்தம் அதிகம், லீக் இருந்தால் கேஸ்தானே வெளியேறும், காற்று எப்படி நுழையும்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆக்சிஜன் பார்ப்பது மொத்த அழுத்தத்தை அல்ல, தன் சொந்தப் பகுதி அழுத்தத்தை. வெளியே ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், உள்ளே ஏறக்குறைய சூனியம். ஆகவே நுண்ணிய கசிவு வழியாகவும் பிளாஸ்டிக் டியூபின் சுவர் வழியாகவும் எதிர்த்திசையில் ஊறி வரும். சூடான ஓவனில் அது கேபிலரியின் உள்பூச்சை அரிக்கும். ஈசிடி என்ற டிடெக்டரின் சிக்னலைக் கெடுக்கும். அதனால் சுத்தம் செய்த செம்பு அல்லது ஸ்டீல் டியூப்தான் போட வேண்டும். லீக் பார்க்க சோப்பு நுரை வேண்டாம், அதுவே உள்ளே போய் மாசாகும். எலக்ட்ரானிக் டிடெக்டர் போதும். லைனில் மாட்டும், மாசு பிடிக்கும் ட்ராப்களில் ஈரம் பிடிப்பது முதலில், ஹைட்ரோகார்பன் அடுத்து, ஆக்சிஜன் கடைசியில்.

ட்ராப் இருக்கிறதே, மலிவான கேஸ் போதாதா என்பது அடுத்த வாதம். நூறு மடங்கு மாசு வந்தால் ட்ராப் அவ்வளவு சீக்கிரம் தீரும். ட்ராப்பின் நிறம் மாறியதைக் கவனிக்காத வாரத்தில் கேபிலரியும் போகும். கேஸில் மிச்சம் பிடித்தது கேபிலரியில் செலவாகும், கணக்கு அவ்வளவுதான். சிலிண்டரை அடிவரை உறிஞ்சுவதும் இதே ரகச் சிக்கனம்: அழுத்தம் குறையக் குறைய கேஸில் ஈரத்தின் பங்கு கூடும்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. எதையும் இன்ஜெக்ட் செய்யாமல் ஓவனை 40 டிகிரியில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு சூடேற்றி ஓட்டுங்கள். மறுமுறை இரவு முழுக்க நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். நிறுத்திய நேரத்தோடு பீக்குகளும் வளர்ந்தால் குற்றவாளி கேஸோ கேஸ் லைனோ இன்லெட்டோதான். வளராவிட்டால் கேபிலரியைத் தாராளமாகக் கழற்றிப் பாருங்கள்.