உம்மாவின் வழியே தேடுங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற கிழக்கிலங்கை ஊர்களில் பூர்வீகம் தேடப் புறப்படுகிற முஸ்லிம்கள் பெரும்பாலும் வாப்பாவின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். வாப்பா, மூத்தவாப்பா, அவருடைய வாப்பா என்று மூன்று படி ஏறியதும் வழி அடைபட்டுவிடுகிறது. பரம்பரைப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லாததே காரணம். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து தந்தையைக் காட்டும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் நாலைந்து மீராலெப்பைகள் இருந்திருந்தால் எந்த மீராலெப்பை நம்மவர் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. 1620இல் மேபிளவர் கப்பலில் போனவர்களின் சந்ததியைத் தேடும் அமெரிக்கருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களிடம் குடும்பப் பெயர் உண்டு, உயில் உண்டு. அங்கே தடம் தொலைவது பெண்களுடையது. மணமானதும் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துபோகும். நம் கரையிலோ ஆண்வழிதான் சீக்கிரம் மங்குகிறது. ஆகவே அவர்களுடைய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தேடலை உம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இதற்கு முதல் ஆதாரம் குடி என்னும் குல அமைப்பு. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாகவே இறங்குகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளைகளின் குடி. மகனும் அதே குடிதான், ஆனால் அவனால் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்ற வழக்கமும், பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு பிரதிநிதியாக மரைக்கார் என்ற ஏற்பாடும் இந்த நினைவைத் தலைமுறைகளாகக் காத்து வந்தன. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விரிவாகவே பதிந்திருக்கிறார். குடிக்குள் இன்னும் நெருங்கிய கிளைக்கு வயிற்றுவார் என்று பெயர். ஒரு வயிற்றிலிருந்து வந்தவர்கள் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மூத்தம்மாமாரிடம் பேசும்போது "உங்கட முன்னோர் யார்?" என்று கேட்டால் பதில் மழுப்பலாகத்தான் வரும். "நாம என்ன குடி, எந்த வயிற்றுவார், அந்தக் குடியில வேற யார் யார் வீடு?" என்று கேளுங்கள்.

வாய்வழிச் செய்தியை மட்டும் நம்பலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. நம்பக்கூடாது, கடதாசியோடு ஒப்பிட வேண்டும். ஆனால் எந்தக் கடதாசி? பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல்தான் சட்டமாக வந்தது. தொடக்க காலத்தில் பலர் பதியவே இல்லை. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. அதன்படி பதிவு இல்லாவிட்டாலும் நிக்காஹ் செல்லும் என்பதால் பதியாமலே விட்ட கலியாணங்களும் உண்டு. பதிந்தவற்றிலும் மணமகள் கையெழுத்திட வேண்டியதில்லை, வலி எனப்படும் பொறுப்பாளரே ஒப்பமிடுவார். ஒல்லாந்தர் எழுதிய காணிப் பதிவேடுகளான தோம்புகள் பெரும்பாலும் தென்மேற்குக் கரையையும் யாழ்ப்பாணத்தையும் பற்றியவை. ஆகவே பலரும் கவனிக்காத ஒன்றை முதலில் எடுக்கச் சொல்வேன்: காணி உறுதி. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது; பிறப்புப் பதிவை விட ஒரு தலைமுறை பழையது. இந்தக் கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார். எனவே வீட்டு வளவின் சீதன உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கிப் படித்தால் மகள், உம்மா, உம்மாவின் உம்மா என்று பெயரோடு ஒரு தாய்வழிச் சங்கிலி கிடைக்கும். நான்கு எல்லைகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் வளவு என்று வருகிறவர்கள் பல வேளைகளில் சகோதரிகள். பெரிய வளவைத் துண்டாக்கிப் பெண்மக்களுக்குக் கொடுத்திருப்பார்கள். இன்னொன்று: அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய எதையும் மட்டக்களப்பு என்ற பெயரின் கீழ்த் தேட வேண்டும். இதை அறியாமல் அம்பாறையில் இல்லை என்று திரும்புவது வீண் அலைச்சல்.

டிஎன்ஏ இங்கே மூன்றாவதாக வருகிறது. அதற்கும் குடிக்கும் உள்ள ஒற்றுமை என்னை வியக்க வைக்கிறது. இழைமணி டிஎன்ஏ உம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும்; மகனிடம் இருக்கும், அவனோடு நின்றுவிடும். குடியின் விதியும் அதுவேதான். 1485இல் போரில் இறந்த இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012இல் லெஸ்டரில் கிடைத்தபோது, அவனுடைய சகோதரியின் பெண்வழி வந்தவர்களோடு இழைமணி டிஎன்ஏ பொருந்தியது. ஆண்வழிச் சந்ததி என்று ஆவணங்கள் காட்டியவர்களின் வை நிறமூர்த்தமோ பொருந்தவில்லை. அரச குடும்பத்தின் எழுத்துச் சான்றையே சோதித்துக் காட்டிய கருவி, வயிற்றுவார் வாய்மொழியையும் சோதிக்கும். ஆனால் அதன் எல்லையை விளங்கிக்கொள்ளுங்கள். இழைமணி மிக மெதுவாகவே மாறும். இருவருக்குப் பொருந்தினால் பொதுத்தாய் இருநூறு வருடத்துக்கு முன்னும் இருந்திருக்கலாம், சில ஆயிரம் வருடத்துக்கு முன்னும் இருந்திருக்கலாம். தெளிவாக வேறுபட்டால் ஒரே தாய்வழி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அப்போதும் யாரும் பொய் சொன்னதாகாது. வெளியூரிலிருந்து வந்த பெண்ணை ஒரு குடி ஏற்றுக்கொண்டிருக்கலாம். மற்ற வகைச் சோதனை, அதாவது உறவினரைப் பட்டியலிடும் சோதனை, நம்மை இன்னும் ஏமாற்றும். மாமி மகள், மாமா மகன் என்று தலைமுறைகளாக உறவுக்குள் மணந்த இடத்தில் தூரத்து உறவும் கிட்டிய உறவு போலத் தோன்றும். சோதிப்பதென்றால் வீட்டிலுள்ள மூத்தவரைச் சோதியுங்கள். உறவினர் பட்டியலுக்கு அடிப்படையான டிஎன்ஏ ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் குறைகிறது. அவருடைய சம்மதம் முக்கியம், தரவு எங்கே போகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மிகப் பெரிய சோதனை நிறுவனங்களில் ஒன்று 2025இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தபோது இலட்சக்கணக்கானோர் தம் மாதிரியை நினைத்துக் கவலைப்பட்டார்கள்.

நஸப் என்னும் வம்சம் தந்தைவழி, உம்மாவின் வழியைத் தேடுவது மார்க்கத்துக்கு ஒவ்வாதே என்று சிலர் கேட்பார்கள். நஸபை இது தொடவே இல்லை. வாரிசுரிமை 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷரீஅத்தின் வழியே போகிறது. பெயருக்கு முன் வாப்பாவின் எழுத்தே நிற்கிறது. நான் பேசுவது எந்தக் கோட்டில் சான்று மிஞ்சியிருக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே. இன்னொரு கேள்வி எனக்கு அதிகம் கவலை தருவது: அரபு இரத்தம் எத்தனை வீதம்? 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கை முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழர் என்று வாதிட்டார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்தார். அந்த அரசியல் வழக்குக்கு டிஎன்ஏ சோதனைக்குக் கொடுக்கும் எச்சில் தீர்ப்புச் சொல்லாது. நிறுவனங்கள் தரும் வீதம், அவர்கள் கையிலுள்ள மாதிரிக் கூட்டத்தைப் பொறுத்து மாறும். கடலோடி வந்த ஒரு தந்தையும் இந்த மண்ணின் ஒரு தாயும் ஒரே குடும்பத்தின் இரு முனைகளாக இருக்க முடியும். ஒன்று மற்றதைப் பொய்யாக்காது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் சுனாமியாக வந்தபோது இந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அலுமாரிகளில் இருந்த உறுதிகளும் கலியாணக் கடுத்தங்களும் அவர்களோடு போயின. குடிப் பெயர் தெரியாத பிள்ளைகள் இன்று பெருகிவருகிறார்கள். ஒரு கொப்பியை எடுங்கள். பக்கத்துக்கு ஒரு பெண் என்று வைத்து, அவருடைய பெயர், உம்மாவின் பெயர், குடி, வயிற்றுவார், பிறந்த வளவு, சீதனமாகப் பெற்ற வளவு, சொன்னவர் யார், சொன்ன திகதி என்ன என்று எழுதுங்கள். உறுதியின் இலக்கம் கிடைத்ததும் அதே பக்கத்தில் சேருங்கள். சோதனைக்கான காசைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எண்பது வயது மூத்தம்மாவிடம் இந்த வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள்.