கப்பல் பயணியின் ஏழு மணி நேரம்: சிறு குழுச் சுற்றுலாவும் ஊரின் வருவாயும்

கடல்வழிச் சுற்றுலாவின் வளர்ச்சியை அளப்போர் வழக்கமாக இரண்டு எண்களையே எடுத்துக்காட்டுவர். ஒன்று, ஓர் ஆண்டில் துறைமுகத்திற்கு வந்த உல்லாசக் கப்பல்களின் எண்ணிக்கை; மற்றொன்று, அவற்றில் வந்த பயணிகளின் எண்ணிக்கை. இவ்விரண்டும் பெருகினால் வளர்ச்சி கண்டுவிட்டதாகக் கொள்வது இயல்பே. ஆனால், ஊராரின் பொருளாதார நலனை அறிய வேண்டுமாயின் மூன்றாவதாக ஓர் அளவும் தேவைப்படுகிறது. வந்த பயணி அவ்வூர்த் தெருக்களில் எத்தனை மணி நேரம் நடந்தார், யாரிடம் பேசினார், அவர் செலவிட்ட பணத்தில் எவ்வளவு அவ்வூரிலேயே தங்கிற்று என்பதே அது.

இவ்வளவுகோலைக் கொண்டு கர்நாடகத்தின் ஒரே பெருந்துறைமுகமான புதிய மங்களூரின் ஒரு நாள் சுற்றுலாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பின்னர், கடலே இல்லாத பெங்களூரின் சிவாஜிநகருக்கு அந்த ஆய்வின் முடிவுகள் எவ்வாறு பொருந்தும் என்பதையும் காண்கிறது.

துறைமுகமும் பருவமும்

மங்களூர் நகரின் வடக்கே, ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் தொலைவில், பணம்பூரில் இத்துறைமுகம் அமைந்துள்ளது. 1974இல் இது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கச்சா எண்ணெய், எரிவாயு, நிலக்கரி முதலிய சரக்குகளைக் கையாளும் துறைமுகம் இது. எனவே கப்பலிலிருந்து இறங்கும் பயணி, பழைய துறைமுகப் பட்டினங்களில் செய்வது போல, நேரே கடைத்தெருவுக்குள் நடந்து போய்விட இயலாது. சரக்கு இயங்கும் வளாகத்தை வண்டியில் கடந்து, வாயிலைத் தாண்டிய பின்னரே ஊர் தொடங்குகிறது.

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உல்லாசக் கப்பல்கள் வருவதில்லை. மழை ஓய்ந்த பின் தொடங்கி, கோடை முற்றுவதற்குள் பருவம் முடிந்துவிடும். மும்பை, மர்மகோவா, புதிய மங்களூர், கொச்சி ஆகிய துறைமுகங்கள் ஒரே கடல்வழியில் அடுத்தடுத்து அமைந்தவை. ஆகையால் இரவில் ஓடிப் பகலில் ஓரிடத்தில் தங்குவது கப்பல்களின் வழக்கம். கப்பல் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடும். ஊருக்குக் கிடைப்பது ஒரு பகற்பொழுது மட்டுமே.

ஒரு பகற்பொழுதின் கணக்கு

கணக்கிற்காக, கப்பல் காலை 7 மணிக்குத் துறையை அடைந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். பார்வைக்கு இது பத்து மணி நேரம். ஆனால் குடிநுழைவு, சுங்கச் சோதனைகள் முடிந்து பயணிகள் கரையிறங்க ஒரு மணி நேரமாவது கழியும். புறப்பாட்டிற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்பே அனைவரும் கப்பலேறிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. சாலை நெரிசல் போன்ற எதிர்பாராத தடைகளுக்கென மேலும் ஒரு மணி நேரத்தை ஒதுக்குதல் அறிவுடைமை. ஆக எஞ்சுவது ஏழு மணி நேரம்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் இங்குப் பொருந்தும். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை. துபாயின் நேரம் இந்திய நேரத்திற்கு ஒன்றரை மணியும், மாலத்தீவின் நேரம் அரை மணியும் பின்தங்கியவை. அத்திசையிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தைத் திருத்தியுள்ளதா என்பதைப் பயணியும் வழிகாட்டியும் காலையிலேயே கேட்டறிதல் வேண்டும். திரும்ப வேண்டிய நேரம் எந்தக் கடிகாரப்படி என்பது தெளிவாகாத சுற்றுலா, தொடங்கும்போதே இடருக்கு உள்ளாகிறது.

இந்த ஏழு மணி நேரத்தைப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. முதலாவது, உள்நாட்டை நோக்கிச் செல்வது. மூடபித்ரியில் 1430இல் எழுப்பப்பட்ட ஆயிரங்கால் சமண பசதியும், அதற்கு அப்பால் கார்களவில் 1432இல் நிறுவப்பட்ட 42 அடி உயர பாகுபலி சிலையும் காணத்தக்கவை. கார்கள வரை சென்று மீள ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சாலையில் மட்டும் மூன்று மணி நேரம் செல்லும்.

இரண்டாவது, நகருக்குள்ளேயே தங்குவது. கத்ரி மஞ்சுநாதர் கோயிலில் கி.பி. 968ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் கூடிய லோகேசுவரர் வெண்கலச் சிலை உள்ளது. புனித அலோசியஸ் கல்லூரியின் சிற்றாலயத்தில் இத்தாலியரான அந்தோனியோ மொஸ்கேனி 1899 முதல் 1901 வரை தீட்டிய ஓவியங்கள் சுவரையும் கூரையையும் நிறைக்கின்றன. நாராயண குருவின் தூண்டுதலால் 1912இல் நிறுவப்பட்ட குத்ரோளி கோகர்ணநாதர் கோயில் சமூகச் சீர்திருத்த வரலாற்றின் சின்னமாகும். பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிலும், முந்திரி பதனிடும் தொழிலும், மீனும் பூவும் விற்கும் சந்தைகளும் ஊரின் உழைப்பு வாழ்வைக் காட்டுவன.

குழுவின் அளவும் நேரத்தின் இழப்பும்

எவ்வழியைத் தேர்ந்தாலும், குழுவின் அளவு நேரத்தை ஆள்கிறது. நாற்பது பேர் கொண்ட பேருந்து ஓரிடத்தில் நிற்கும்போது, அனைவரும் இறங்கிக் கூடப் பத்து நிமிடமும், திரும்ப ஏறி எண்ணிச் சரிபார்க்கப் பத்து நிமிடமும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இடங்களில் நின்றால் நூறு நிமிடங்கள் ஏறி இறங்குவதிலேயே கழிந்துவிடும். பன்னிரண்டு பேர் செல்லும் வேனில் இவ்வேலை நிறுத்தமொன்றுக்கு ஆறு நிமிடத்தில் முடியுமாயின், மொத்த இழப்பு அரை மணி நேரமே. மிஞ்சும் எழுபது நிமிடங்கள் பார்ப்பதற்கும், கேட்பதற்கும், வாங்குவதற்கும் பயன்படும்.

நேரம் மட்டுமன்று, இடமும் கருதத்தக்கது. பசதியும் கோயிலும் காட்சிக்கூடங்கள் அல்ல. வழிபாடு நடைபெறும் தலங்கள். காலணிகளைக் களைதல், உடை ஒழுங்கு, படமெடுக்கக் கூடாத இடங்கள் ஆகியவற்றை நாற்பது பேருக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். பன்னிரண்டு பேருக்கு விளக்கிச் சொல்லலாம். அறிவிப்பு சிலர் காதில் விழாமற் போகும். விளக்கமோ பயணி எழுப்பும் கேள்விக்கும் இடம் தரும்.

கப்பல் விற்கும் சுற்றுலாவும் தனிச் சுற்றுலாவும்

கரைச் சுற்றுலாக்கள் இருவகையில் விற்கப்படுகின்றன. கப்பல் நிறுவனமே கப்பலுக்குள் விற்பது ஒரு வகை. இதனைக் கரையிலுள்ள முகவர் நடத்தித் தருவார். பயணி தாமே உள்ளூர் நடத்துநரிடம் நேரடியாகப் பதிவு செய்துகொள்வது மற்றொரு வகை. சிறு குழுச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

இவ்விரண்டிற்கும் இடையே முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. கப்பல் நிறுவனம் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும்; அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தனிச் சுற்றுலாவில் சென்றவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. பயணிகள் அதிக விலை கொடுத்தும் பெரிய பேருந்தையே நாடுவதற்கு இவ்வச்சமே தலையாய காரணம். ஆகவே சிறு நடத்துநர் முதலில் விற்க வேண்டிய பொருள் நேரந் தவறாமையே. தொலைவிலுள்ள இடத்தை முதலிலும், துறைமுகத்திற்கு அண்மையிலுள்ள இடத்தை இறுதியிலும் பார்க்குமாறு வழியை வகுப்பது அனுபவம் வாய்ந்த வழிகாட்டிகளின் முறை. நேரம் நெருக்கினால் இறுதி நிறுத்தத்தை விட்டுவிடலாம். கப்பலை விட்டுவிட இயலாது.

பணம் எங்கே தங்குகிறது?

சுற்றுலாப் பொருளாதாரத்தில் ‘கசிவு’ என்றொரு கருத்து உண்டு. பயணி கொடுத்த பணத்தில் ஊருக்கு வெளியே சென்றுவிடும் பங்கு அது. உல்லாசக் கப்பல் சுற்றுலாவில் கசிவு மிகுதியாக இருப்பதற்கு அதன் அமைப்பே காரணம். உறைவிடமும் உணவும் கப்பலில் முன்பே செலுத்தப்பட்டவை. கரைச் சுற்றுலாவின் விலையிலும் ஒரு பங்கு கப்பல் நிறுவனத்திற்கும் முகவருக்கும் செல்கிறது. பேருந்து முன்கூட்டியே பேசிவைத்த ஒரே கடையில் நின்று, விற்பனையில் தரகு பெறுமாயின், கடைத்தெருவின் மற்ற வணிகருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை.

நடந்து செல்லும் சிறு குழுவின் செலவு வேறு வகையில் பரவுகிறது. வழிகாட்டியின் ஊதியம், வேன் ஓட்டுநரின் கூலி, சிற்றுண்டி, இளநீர், பூ, முந்திரி என அது பலரிடம் போய்ச் சேரும். பெற்றவர் அதனை மீண்டும் அவ்வூரிலேயே செலவிடுவர். பொருளியலார் பெருக்கி விளைவு என்று கூறுவது இதனையே.

எனினும் சிறு குழு முறைக்கும் குறை உண்டு. தலைக்கு விழும் செலவு கூடுதல். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினால் அவ்வளவு பேருக்கும் வேண்டிய வழிகாட்டிகள் கிட்டமாட்டார்கள். பருவம் சில மாதங்களே ஆதலால், கப்பலை மட்டும் நம்பி ஒருவர் முழுநேர வழிகாட்டியாக வாழ்வதும் அரிது. உலக அனுபவமோ அளவு மீறலின் தீமையையும் உணர்த்துகிறது. வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியே பெருங்கப்பல்கள் செல்வதற்கு 2021 ஆகஸ்டு முதல் இத்தாலி அரசு தடை விதித்தது. குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம் ஒரே நேரத்தில் இரு கப்பல்களுக்கு மேல் நிற்காதவாறு வரையறை செய்துகொண்டது. வருகை பெருகிய பின் கட்டுப்படுத்துவதைக் காட்டிலும், பெருகுமுன் ஒழுங்குசெய்வது எளிது.

கடலில்லா ஊருக்கும் இப்பாடம்

மங்களூரிலிருந்து பெங்களூர் சுமார் 350 கிலோமீட்டர். இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால், கப்பல் பயணி ஒரே நாளில் பெங்களூரைக் கண்டு மீள்வது இயலாத செயல். ஆயினும் பெங்களூருக்கும் குறுநேரப் பயணிகள் உண்டு. அலுவல் நிமித்தம் வந்து அரை நாள் ஓய்வு கிடைத்தவரும், இரவு விமானத்திற்கோ இரயிலுக்கோ காத்திருப்பவரும் கப்பல் பயணியின் நிலையிலேயே உள்ளனர். அவர்களுக்கும் கைவசம் உள்ளது சில மணி நேரமே.

அவர்களுக்கு ஏற்ற இடம் சிவாஜிநகர். 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய படைக்குடியிருப்பை ஒட்டி வளர்ந்த பகுதி இது. பழைய பெயர் பிளாக்பள்ளி. படைக்குத் தேவையான பண்டங்களை விற்கவும் பணிபுரியவும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோர் பலர் இதனைச் சூழக் குடியேறினர். 1949இல் படைக்குடியிருப்பு நகராட்சி பெங்களூர் நகருடன் இணைக்கப்பட்ட பின்னரும், தமிழும் உருதும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இயல்பு மாறவில்லை.

இங்குள்ள புனித மரியன்னை பேராலயம் 1882இல் இன்றைய கோதிக் வடிவம் பெற்றது. 1973இல் பசிலிக்கா என்னும் தகுதி அதற்கு வழங்கப்பட்டது. செப்டம்பர் 8ஆம் நாள் நடைபெறும் தேர்த் திருவிழாவிற்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்வர். சற்று நடந்தால் ரஸல் மார்க்கெட். 1927இல் எழுந்து 1933இல் திறந்துவைக்கப்பட்ட இச்சந்தை, 2012 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தில் பல கடைகளை இழந்தும் மீண்டது. பழைய வண்டி உறுப்புகளைப் பிரித்து விற்கும் குஜரித் தெருக்களும், துணிக்கடைகள் நிறைந்த கமர்ஷியல் தெருவும் நடக்கும் தொலைவிலேயே உள்ளன. பெரிய பேருந்து இச்சந்துகளுள் நுழையவே இயலாது. இங்குச் சிறு குழுவே இயலக்கூடிய ஒரே முறையாகும்.

ஆனால் சந்தை காட்சிப்பொருள் அன்று. அது உழைப்போரின் பணிக்களம். விடியற்காலையில் சுமையோடு வரும் தொழிலாளிக்கு, வழியடைத்து நிற்கும் குழு கூலி இழப்பாகவே முடியும். இறைச்சிக் கடைக்காரரையும் பூக்காரப் பெண்ணையும் கேளாமல் படமெடுப்பது அவர்தம் மதிப்பைக் குறைக்கும் செயல். எனவே சரக்கு இறக்கும் நேரத்தைத் தவிர்த்தல், எட்டுப் பத்துப் பேருக்கு மேல் அழைத்துச் செல்லாமை, அனுமதி பெற்றுப் படமெடுத்தல் ஆகியவை இங்கு விதிகளாக வேண்டும். நான்கு மொழிகளில் பேசி வளரும் இப்பகுதி இளைஞரே இதற்குத் தக்க வழிகாட்டிகள். மொழியறிவும் தெரு அறிமுகமும் அவர்களிடம் முன்பே உள்ளன; வரலாற்றுப் பயிற்சியும் முறையான சான்றிதழுமே அவர்கள் பெற வேண்டியவை.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைகள் பெறப்படுகின்றன.

1. துறைமுக வாயிலில் பதிவு பெற்ற சிறு நடத்துநர்களுக்கும் வேன்களுக்கும் ஒழுங்கான இடமும், வெளிப்படையாக எழுதிவைத்த கட்டண விவரமும் இருத்தல் வேண்டும்.

2. கப்பல் வருகை அட்டவணையை வழிகாட்டிகளும் சந்தை வணிகரும் முன்கூட்டியே அறியச் செய்தல் வேண்டும். ஒரே நாளில் அனைவரையும் ஒரே தலத்திற்கு அனுப்பாமல் பிரித்தனுப்ப இது உதவும்.

3. கப்பல் பருவத்தில் துறைமுகத்திலும், ஏனைய மாதங்களில் உள்நாட்டு நகரங்களிலும் பணிபுரியுமாறு வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரப்பட்டால், அவர்தம் வருவாய் ஆண்டு முழுவதும் நிலைபெறும்.

4. பயணிகளின் எண்ணிக்கையோடு, அவர்கள் ஊருக்குள் செலவிட்ட நேரத்தையும் உள்ளூர் வணிகர் பெற்ற பயனையும் மாதிரிக் கணிப்பின் மூலம் பதிவு செய்தல் வேண்டும்.

இவற்றுள் பெரும் முதலீட்டைக் கோருவது எதுவுமில்லை. புதிய முனையங்கள் கப்பல்களை ஈர்க்கக்கூடும். ஆனால் கரையிறங்கியவரின் ஏழு மணி நேரத்தை ஊருக்கு வருவாயாகவும் பயணிக்கு அறிவாகவும் மாற்றுவது, தன் ஊரை அறிந்து அதனைப் பன்னிரண்டு பேருக்குப் பொறுமையுடன் எடுத்துரைக்கும் வழிகாட்டியே. அவரை உருவாக்குவதும் திட்டமிடலின் ஒரு பகுதியேயாகும்.