ஹேவ்லாக் படம் தலைகீழாகாமல் இருக்க

விருந்தினர் தங்கும் அறையில் மாட்ட, ஹேவ்லாக் தீவின் ஜெட்டி முதல் ஏழாம் நம்பர் பீச்சான ராதாநகர் வரை கம்ப்யூட்டரில் நானே ஒரு படம் போட்டேன். முதல் பிரிண்டில் ஜெட்டி தெற்கே கிடந்தது! பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

1. பூஜ்யம் எங்கே என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான மென்பொருளில் அது இடது மேல் மூலை. ஒய் எண் கீழே இறங்க இறங்கக் கூடும். அட்சரேகையோ வடக்கே ஏற ஏறக் கூடும். ஆகவே மேல் விளிம்பிலிருந்து கழித்துத்தான் குறிக்க வேண்டும். மேல் விளிம்பு 12.06 டிகிரி, ஒரு பிக்சல் 10 மீட்டர் என்றால், டிகிரிக்குச் சுமார் 11,060 பிக்சல். ஏறக்குறைய 12.04-ல் உள்ள ஜெட்டி மேலிருந்து 221-ல் விழும், 11.98-ஐ ஒட்டிய ராதாநகர் 885-ல். (2020-ல் வந்த இங்க்ஸ்கேப் 1.0-க்கு முன்பு அதில் பூஜ்யம் கீழ் மூலையில் இருந்தது. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்தால் என் கதிதான்.)

2. தீர்க்கரேகைக்கு அதே பெருக்கல் வேண்டாம். இங்கே ஒரு டிகிரி சுமார் 108.9 கிலோமீட்டர். அதே பெருக்கலைப் போட்டாலும் சுவர்ப் படத்துக்குப் பாதகமில்லை. டில்லிக்கு அப்படிப் போட்டால் படம் அகலமாகிவிடும்.

3. 93 டிகிரி கிழக்கு ரேகை நம் தீவுக்குள்ளேயே ஓடுகிறது. யூ.டி.எம். என்னும் வரைபடக் கட்டத்தில் 46-வது மண்டலத்தின் நடுக்கோடு அதுதான். கட்டத்தின் வடக்கும் உண்மை வடக்கும் இங்கே ஏறக்குறைய ஒன்றே. நமக்கு அடித்த அதிர்ஷ்டம்!

4. பல வடிவங்களை ஒன்றாகச் சேர்க்கும் க்ரூப் என்பது அஞ்சறைப்பெட்டி மாதிரி. பெட்டியை எங்கே நகர்த்தினாலும் கடுகுக் கிண்ணம் பெட்டிக்குள் அதே இடத்தில்தான். க்ரூப் (200, 100)-ல், உள்ளே மரம் (40, 30)-ல் என்றால், தாளில் அது (240, 130). வேறு க்ரூபுக்கு மாற்றும்போது, முதலில் தாள் எண்ணைக் கண்டுபிடித்து, புதுப் பெட்டியின் எண்ணைக் கழியுங்கள்.

5. மவுஸ் தொட்ட இடத்தைத் தாளில் அறிய, திரையில் தாளை நகர்த்திய அளவை முதலில் கழித்து, பிறகு ஜூமால் வகுக்கவும். திரையில் 500, நகர்த்தல் 100, ஜூம் 2 என்றால் விடை 200. மாற்றிச் செய்தால் 150 வரும். மரம் கடலில் நிற்கும்.

6. படத்தில் வரைந்த படகைத் திருப்பும்போது அதன் நடுவை மையமாக வையுங்கள். இல்லாவிட்டால் தாளை விட்டே ஓடிவிடும்.

7. பிரிண்டுக்கு முன் மூன்று புள்ளி மட்டும் வைத்துப் பாருங்கள்: ஜெட்டி மேலே, ராதாநகர் இடது கீழே, காலாபத்தர் பீச் வலது கீழே. ஜெட்டியையும் ராதாநகரையும் மட்டும் பார்த்தால் பக்கம் மாறியது சட்டென்று கண்ணில் படாது.